டிரெஸரின் காக்கிக் கால்சட்டை

“ஓஹாயோ கொசைமாஸ்!”

பப்பாளி மரத்தின் முன்னால் இடுப்பு மடியக் குனிந்து வணக்கம் சொன்னான் பரஞ்சோதி. குனிந்த வேகத்திலேயே கை பின்பக்கம் போனது. வரக் வரக்கென்று சொறிந்தான்.

“கையை எடுடா! நாளைக்கு அந்த ஜப்பான்கார அதிகாரி முன்னாலயும் இப்படித்தான் சொறியப் போறியா?” என்று கத்தினாள் அவன் அம்மா பாப்பம்மா.

“நான் என்னம்மா செய்ய? சாக்குல கால்சட்டை தைச்சுக் குடுத்துட்டு, சொறியாதேன்னா எப்படி?”

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்ததிலிருந்து கடையில் துணி கிடையாது. அரிசிச் சாக்கை வெட்டித்தான் தைத்திருந்தாள். மூட்டையின் பச்சை முத்திரை, சரியாக அவன் உட்காருகிற இடத்தில் வந்து நின்றது.

ரப்பர் தோட்டத்து ஜப்பானிய வகுப்பில் பரஞ்சோதிதான் கெட்டிக்காரன். ஜப்பானுக்கு அனுப்பிப் படிக்கவைக்க ஆள் பார்க்க, கரங்கான் பக்கமிருந்த அவர்கள் தோட்டத்துக்கே அதிகாரி வருகிறார். ‘கால்சட்டை போட்டுத்தான் நிக்கணும். குனிஞ்சா கல்லு மாதிரி நிக்கணும்’ என்று தோட்டத்து ஆபீஸ் கணக்கர் கிராணி சொல்லிவிட்டார்.

தேறினால் படிப்பு. தேறாவிட்டால், சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துப் போகிற லாரியில் அவனும் ஏற வேண்டியதுதான். அதில் போனவர்கள் யாரும் இன்னும் திரும்பவில்லை.

“மாரியாத்தா! தங்கம் கேட்கலை, வெள்ளி கேட்கலை. ஒரே ஒரு கால்சட்டை தாயே!” என்று கும்பிட்டாள் பாப்பம்மா.

“ஆத்தாகிட்ட ஏதுக்கா கால்சட்டை? டிரெஸர்கிட்டத்தான் இருக்கு. போய்க் கேளு லா,” என்றாள் பக்கத்து வீட்டுச் செல்லாயி.

தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்கிறவர் டிரெஸர் தர்மலிங்கம். காக்கிக் கால்சட்டை. அதற்குமேல் முழங்கால்வரை தொங்கும் கறுப்புக் கோட்டு. எந்த வெயிலிலும் கழற்ற மாட்டார்.

புண்ணுக்குக் கட்டுப் போட்ட காலோடு நொண்டிக்கொண்டே மகனோடு போனாள் பாப்பம்மா.

“ஐயா, ஒரே ஒரு நாளைக்கு உங்க கால்சட்டையைக் குடுங்க. துவைச்சே தந்துடுறேன்.”

டிரெஸர் பதறிப்போய் இரண்டு கையாலும் கோட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

“வேற எது வேணும்னாலும் கேளும்மா. இதை மட்டும் கேட்காதே.”

“புள்ளை சயாமுக்குப் போயிடுவான்யா!”

அவர் முகம் சுருங்கியது. ஒரு சின்ன டப்பாவை எடுத்து நீட்டினார்.

“இந்தக் களிம்பைப் பூசிக்கிட்டுச் சாக்கையே போடட்டும். அரிக்காது.”

சொன்னவர் முதுகைத் திருப்பாமல், பின்பக்கமாகவே நடந்து உள்ளே போய்விட்டார்.

வெளியே வந்ததும் பாப்பம்மா வெடித்தாள்.

“திமிரைப் பார்த்தியாடா? லயத்து வீடுகள்ல பாதிப் பேரு காலு புண்ணு. கட்டுப்போட ஒரு நல்ல துணி வச்சிருக்காரா? ஏதோ முரட்டுத் துணியைச் சுத்தி விட்டிருக்காரு. இவருக்கு மட்டும் கோட்டு, கால்சட்டை! அந்தக் களிம்பைத் தூக்கி எறி!”

மறுநாள் காலை. ஆபீசுக்கு முன்னால் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். காரிலிருந்து அதிகாரி இறங்கினார்.

“கெய்ரெய்!” என்று வணங்கச் சொல்லிக் கத்தினார் கிராணி.

அத்தனை பேரும் குனிந்தார்கள். டிரெஸர் மட்டும் தலையை லேசாக ஆட்டினார். அதிகாரி முறைத்தார். பயந்துபோன கிராணி, டிரெஸர் பிடரியில் கை வைத்து ஒரே அமுக்காக அமுக்கினார்.

கோட்டு மேலே ஏறியது.

நேர் பின்னால் பாப்பம்மா.

கால்சட்டைக்கு முன்பக்கம் மட்டும்தான் இருந்தது. பின்பக்கம் இடுப்பிலிருந்து முழங்கால்வரை வெட்டி எடுத்துவிட்டுக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். நடுவில் கோவணம்.

செல்லாயி முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு குலுங்கினாள். பாப்பம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அங்கே பரஞ்சோதி குனிந்தவன் குனிந்தபடியே நின்றான். அதிகாரி அவனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பச்சை முத்திரையை உற்றுப் பார்த்தார். அவன் கை அசையவில்லை. நிமிரச் சொல்லிக் கேள்விகள் கேட்டார். டக் டக்கென்று பதில் சொன்னான்.

“யோஷி!” என்று மெச்சித் தோளில் தட்டினார் அதிகாரி.

பரஞ்சோதி ஓடி வந்தான்.

“தேறிட்டேம்மா! நீ எறியச் சொன்ன களிம்பைப் பூசிக்கிட்டேன். அரிக்கவே இல்லை! பார்த்தியா, அந்தக் கஞ்சப்பயலோட கால்சட்டை இல்லாமலே...”

“வாயை மூடுடா. அவரைப் போய் விழுந்து கும்பிட்டுட்டு வா.”

“எதுக்கு? களிம்புக்கா? கால்சட்டையைக் குடுக்கலையே அந்த ஆளு!”

பாப்பம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கி, தன் காலில் சுற்றியிருந்த காக்கித் துணியைக் காட்டினாள்.

“போன மாசமே குடுத்துட்டாருடா.”