செவ்வாய்க்கிழமைதான் ஓடும்

"மிஷின் மேல குத்தமே இல்ல சார். இந்தா நிக்காளே ரோஸ், இவ கைராசி அப்படி. இவ தொட்டா ஓடுத வண்டியும் நின்னுரும்!"

கம்ப்யூட்டர் அறை வாசலில் நின்று சத்தம் போட்டார் பில் கிளார்க் அற்புதமணி. தூத்துக்குடி துறைமுகத்தின் அந்தக் கப்பல் ஏஜென்சி ஆபீஸ் முழுக்கக் கேட்டது. மிஷினை இயக்கும் ரோஸ் தலை நிமிரவில்லை.

மெட்ராஸிலிருந்து வந்திருந்த எஞ்சினியர் பராங்குசத்துக்கே சங்கடமாகிவிட்டது.

"நான் பார்த்துக்கறேன், நீங்க போங்க" என்று கதவைச் சாத்தினார்.

சுவிட்சைப் போட்டார். விளக்குகள் எரிந்தன. துளை போட்ட காகித நாடா கடகடவென்று உள்ளே ஓடியது. பாதியில் நின்றது. அதற்கப்புறம் மிஷினிடம் அசைவே இல்லை.

கரண்ட் சரி. வயர்கள் சரி. உப்புக்காற்று அரித்திருக்குமோ என்று உள்ளே இருந்த சர்க்யூட் கார்டுகளை உருவித் துடைத்து மாட்டினார். மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

அதே இடத்தில்!

நாடாவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒரே ஒரு துளை மட்டும் அடைபட்டிருந்தது. பொடிசாக வெட்டிய கறுப்புக் காகிதம்.

"இது தானா வந்து ஒட்டிக்காதும்மா."

ரோஸின் முகம் வெளுத்தது. "நான்தான் சார் ஒட்டினேன்."

"தெரிஞ்சா உன் வேலை போயிடும். எதுக்கு இப்படி?"

"வர்ற திங்கக்கிழமை கிருபைன்னு ஒரு புள்ளைக்குக் கல்யாணம் சார். அவ அப்பா இங்கனதான் வேலை பாக்காரு. அவர் வேலையை இனி மிஷினே பாத்துக்கிடும், அது ஓடுன அன்னைக்கே அவரை வீட்டுக்கு அனுப்பிருவோம்னு மேனேஜர் போன்ல பேசுனது என் காதுல விழுந்துட்டு. அவருக்கு இன்னும் தெரியாது. வேலை போன மனுசனா மகளைக் கைபிடிச்சுக் கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போக வேண்டாமேன்னுதான்... செவ்வாய்க்கிழமை நானே பிச்சு எடுத்துருவேன் சார்."

"உனக்குச் சொந்தமா?"

"இல்ல சார்."

பராங்குசம் அந்தக் கறுப்புக் காகிதத்தைப் பிய்க்கவில்லை. நாடாவைச் சுருட்டி இருந்த இடத்திலேயே வைத்தார்.

மேனேஜர் அறைக்குப் போனார். "இந்தப் பொண்ணு மேல தப்பில்ல சார். ஒரு பார்ட் மெட்ராஸ்லேருந்து வரணும். செவ்வாய்க்கிழமைதான் ஓடும்."

படியிறங்கும்போது அற்புதமணி பின்னாலேயே ஓடிவந்தார்.

"என்ன சார், அவளை மாத்தச் சொல்லாமப் போறீக? நல்லா ஏமாத்திட்டா உங்களை!" மூச்சு வாங்கப் பையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து நீட்டினார். முகமெல்லாம் சிரிப்பு. "திங்கக்கிழமை நாசரேத்துல என் மக கிருபைக்குக் கல்யாணம். அவசியம் வரணும் சார். ஆபீஸ்ல எல்லாரையும் கூப்பிட்டாச்சு, அந்த ராசி கெட்டவளைத் தவிர!"