பலகை வரும் இடம்

"உனக்கு இந்த ஜென்மத்துல வண்டி ஓட்ட வராது. சாவியைக் குடு!"

மனைவி கார் சாவியைக் கொடுத்தாள். வாசலில் இரண்டு காலி பெயின்ட் டிரம்களை நிறுத்தி, அவற்றுக்கு நடுவே ரிவர்ஸ் எடுக்கச் சொல்லியிருந்தார் கணவர். இடதுபக்க டிரம் மறுபடியும் உருண்டு கிடந்தது.

"அடுத்த வாரம் டெஸ்ட்டுங்க. லைசென்ஸ் இருந்தாத்தான் அந்த நர்ஸ் வேலை. வீடு வீடா போய்ப் பார்க்கணுமே!" என்றவள், தயங்கிக் கேட்டாள். "டிரம்மைக் கொஞ்சம் தள்ளி வைங்களேன். கை பழகினதும் கிட்ட வெச்சுக்கலாம்."

"சலுகை குடுத்தா எப்படிக் கத்துப்பே?"

மருந்துக் கம்பெனியில் தரம் பார்ப்பவர். ஆபீஸில் அவருக்கு வைத்த பெயரே 'கறார்'தான். வீட்டில் மட்டும் குழைந்துவிடுவாரா என்ன?

புஸ்புஸ்ஸென்று மூச்சு விட்டபடி உள்ளே வந்தார். கூடத்தில் மகள் டிவி முன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பழைய வீடியோ கேம்களை ஆடிப் பார்த்து, இன்றைக்கும் அவை தாக்குப்பிடிக்கின்றனவா என்று மார்க் போடுவது அவள் வேலை. இந்த வாரம் பரணிலிருந்து இறங்கியது அப்பாவின் சின்ன வயது வீடியோ கேம் பெட்டி.

"என்ன, எத்தனை மார்க்?"

"படமெல்லாம் கட்டம் கட்டமா இருக்குப்பா. மியூசிக் காதைக் குடையுது. பாஸ் மார்க்கே சந்தேகம்தான்."

கறாருக்குச் சுருக்கென்றது.

"படத்தை விடு. இப்ப வர்ற கேமெல்லாம் ஊட்டி விடுது. இது அப்படியா? விழுந்தா விழுந்ததுதான்! யார் தயவும் இல்லாம ஜெயிச்சவன்டி உங்கப்பன்."

திரையில் குட்டி வீரன் ஓர் அகலமான பள்ளத்தின் முன்னால் நின்றான்.

"இரு, இரு! இங்க ஒரு பலகை வரும். அதுல கால் வெச்சுத்தான் தாண்டணும்."

"எங்கப்பா?"

"கொஞ்சம் லேட்டா வரும். பொறு."

வரவில்லை. பொறுத்துப் பார்த்த மகள், ஓடிவந்து விளிம்பிலிருந்து ஒரே தாவு. வீரன் அந்தப் பக்கம் போய் நின்றான்.

"பலகை இல்லாம எப்படி? பெட்டியில தூசி அடைச்சிருக்கு. குடு இங்க!"

முதலிலிருந்து ஆரம்பித்தார். பள்ளம் வந்தது. தாவினார், விழுந்தார். மறுபடி விழுந்தார். மூன்றாவது தடவை அவர் விழுந்தபோது, மகள் நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த தடவை, பள்ளத்தின் நடுவே சத்தமே இல்லாமல் ஒரு பலகை மிதந்து வந்தது.

"பார்த்தியா! பார்த்தியா! நான் சொன்னேன்ல!"

மகள் வாயைப் பிளந்தபடி திரையையே பார்த்தாள். "அப்பா... எனக்கு வரலையே. நீங்க திரும்பத் திரும்ப விழுந்தப்புறம்தானே வந்தது?"

"அதனால?"

"விழறவங்களுக்கு மட்டும்தான் வருதுப்பா."

கறாரின் கை அப்படியே நின்றது.

சின்ன வயதில் ஒருநாள்கூடத் தவறாமல் வந்த பலகை அது. முதலில் விழுவதையெல்லாம் அவர் கணக்கிலேயே சேர்த்ததில்லை.

"இப்ப இருக்கற கேமா இருந்தா, 'கஷ்டமா இருக்கா, சுலபமாக்கட்டுமா'ன்னு கேட்டே மானத்தை வாங்கும். இது மூச்சே விடலையேப்பா! அந்தக் காலத்துலயே யாருக்குப்பா இப்படித் தோணியிருக்கு?" என்றாள் மகள். "இதுக்கு மார்க் போட நான் யாரு?"

அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கேயோ ஓர் அறையில் உட்கார்ந்து, முகம் தெரியாத ஒருவர், தான் பார்க்கவே போகாத ஒரு பையன் விழுவான் என்று நினைத்துப் பார்த்திருக்கிறார். அவன் காலடியில் ஒரு பலகையைப் போட்டிருக்கிறார். போட்டதைச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. சொல்லியிருந்தால் இத்தனை வருஷம் இவர் மார்தட்டியிருக்க முடியுமா?

எழுந்து வாசலுக்குப் போனார். மனைவி படியில் உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள போய் ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வா. இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கலாம்."

"வராதுன்னு சொன்னீங்களே?"

"வான்னா வாயேன்" என்று சாவியை நீட்டினார்.

அவள் திரும்பி வந்தபோது டிரம்கள் நிமிர்ந்து நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு ரிவர்ஸ் எடுத்தாள். வண்டி எதிலும் உரசாமல் இரண்டுக்கும் நடுவே வழுக்கிக்கொண்டு வந்து நின்றது.

கதவைத் திறந்துகொண்டு குதித்தாள். கண்ணெல்லாம் ஈரம்.

"வந்துடுச்சுங்க! நானே எடுத்துட்டேன்! நீங்க சொன்னதுதான் சரி. சலுகை குடுத்திருந்தா எனக்கு வந்தே இருக்காது!"

"அதானே!" என்றார் கறார், டிரம் முன்பு நின்ற இடத்தில் மண்ணில் பதிந்திருந்த வட்டத்தைச் செருப்புக் காலால் அழித்துக்கொண்டே.