பக்கத்துத் தகடு

வேலை போனதிலிருந்து ரூபன் அறைக்கதவைச் சாத்தியே வைத்திருந்தான். உள்ளே கம்ப்யூட்டர் சூடாகிறதென்று அதன் பக்கத்துத் தகர மூடியைக் கழற்றிவிட்டு, டேபிள் ஃபேனை அதன் வயிற்றுக்கு நேராகத் திருப்பி வைத்திருந்தான். கம்ப்யூட்டரைப் போட்டால் போதும், சுவருக்கு இந்தப் பக்கம் சமையலறையில் அவன் அம்மா ஜெசிந்தாவின் ரேடியோ கரகரவென்று இரையத் தொடங்கிவிடும். அவளும் புலம்பித் தீர்த்தாள். இன்று அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து, கணவர் அருளப்பன் மூடியை மாட்டித் திருகாணியை இறுக்கிவிட்டு வந்தார்.

“தகரம் மூடியிருந்தா கம்ப்யூட்டரோட இரைச்சல் ரேடியோவுக்கு வராது. இனிமே நிம்மதியா கேளு.”

ரூபன் வந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். ரேடியோவில் பாட்டு சுத்தமாக வந்தது. ஜெசிந்தா வெங்காயத்தைப் பாதியில் வைத்துவிட்டு ரேடியோ முள்ளை அப்படியும் இப்படியும் திருப்பினாள். எங்கும் கரகரப்பு இல்லை. அது கேட்கிறவரை உள்ளே உட்கார்ந்து ஏதோ செய்கிறான் என்றாவது இருந்தது. இப்போது படுத்திருக்கிறானா, சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறானா, ஒன்றும் தெரியவில்லை. சாம்பார் அடிப்பிடித்தது. அடுப்பை அணைத்துவிட்டுப் போய்க் கதவைத் தட்டினாள்.

“ரூபன், அந்த மூடியக் கழட்டிடுப்பா. ரேடியோ சரியா கேக்கல.”

அவளுக்குப் பின்னால் ரேடியோ, ஒரு சொல் பிசகாமல், வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தது.