நாலு நாள் லீவு

ஆளை வீட்டுக்கு அனுப்புவதற்கென்றே தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்திருக்கிறார் என்று கேக் ஃபேக்டரி முழுக்கப் பேச்சாகிவிட்டது. வந்ததும் வராததுமாக அவர் கேட்டது போன வார லீவு நோட்டைத்தானாம். கிரீம் நிரப்பும் மேஜையில் நின்றிருந்தவளுக்கு அதைக் கேட்டதுமே கை ஓடவில்லை.

போன வாரம் செவ்வாய் முதல் வெள்ளி வரை நாலு நாள் லீவு போட்டது அவள் ஒருத்திதான். இதற்கு முன்பே இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியாயிற்று, மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். வீட்டில் புருஷன் காலில் மாவுக்கட்டோடு படுத்திருக்கிறான். இவள் வேலைக்கு வந்தால்தான் அங்கே அடுப்பு எரியும்.

சொல்லி வைத்தாற்போல் சூப்பர்வைசர் அறையிலிருந்து அழைப்பு வந்தது. கையுறையைக் கழற்றும்போது பேக்கிங் அக்கா பக்கத்தில் வந்து காதோடு சொன்னாள்.

"படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போட்டுடாத. துணைக்கு ஒரு ஆள் வேணும்னு கேளு, அது உன் உரிமை."

உரிமை என்ற சொல்லைக் கேட்கத் தெம்பாகத்தான் இருந்தது. சூப்பர்வைசர் அறை வாசலுக்கு வந்தபோது அந்தத் தெம்பில் பாதி காணாமல் போயிருந்தது.

சூப்பர்வைசருக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு, ஆனால் தொழிலாளர்களுக்கு அவர் 'கடிகாரம்'. பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட லீவு போடாத மனிதர். கடிகாரத்துக்காவது எப்போதாவது பேட்டரி தீரும், இவருக்கு அதுவும் கிடையாது.

அறை மூலையில் அந்த அம்மா மடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். யாரும் சொல்லாமலே தலைக்கு வலைத்தொப்பி மாட்டியிருந்தார். பையிலிருந்து ஏதோ அடையாள அட்டையை எடுத்து நீட்டப்போக, கடிகாரம் பதறிப்போய் இரண்டு கையாலும் தடுத்தார்.

"அதெல்லாம் எதுக்கு மேடம்? உங்க ஆபீஸ்லேர்ந்து வருவாங்கன்னு போன வாரமே சொல்லிட்டாங்க. நீங்க சும்மா உட்காந்து பாருங்க."

பிறகு மூன்றாவது கடிதத்தை அவள் பக்கம் மேஜையில் தள்ளி, மேலே பேனாவையும் வைத்தார். அவள், படித்துப் பார்க்க வேண்டும், பேக்கிங் அக்காவைத் துணைக்குக் கூப்பிட வேண்டும் என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. இது என்ன பெண் பார்க்கும் படலமா, துணைக்கு ஆள் வர என்று கேட்டுக் கடிகாரம் சிரித்தார்.

மூலையில் இருந்த அம்மா சிரிக்கவில்லை. என்ன உடம்புக்கு, எந்த நேரத்தில் ஆரம்பித்தது, கடைசியாக எப்போது நின்றது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். போலீஸ்கூட இப்படிக் குடையாது என்று அவளுக்குத் தோன்றியது. திங்கள் ராத்திரி வாந்தி, வயிற்றுப்போக்கு, புதன் ராத்திரிதான் நின்றது என்று திக்கித் திக்கிச் சொன்னாள். அந்த அம்மாவின் பேனா ஒரு வார்த்தை விடாமல் எழுதியது. ஒவ்வொரு வரிக்கும் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"புதனே நின்னுடுச்சுன்னா வியாழன் வந்திருக்கலாமே?" என்று கடிகாரம் மடக்கினார்.

"நின்ன பிறகும் ரெண்டு நாள் உள்ள வரக்கூடாதுன்னு கை கழுவற இடத்துல எழுதியிருக்கே சார்."

"அது சுவத்துக்கு எழுதினதும்மா. அதையெல்லாம் பாத்தா கேக்கு போகுமா?"

அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றி இறுக்கினாள். விரல் வெளுத்துப்போனது. இனி அழுவதற்குக்கூட நேரமில்லை என்று பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போடும் இடம் எது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை.

அப்போது அந்த அம்மா கடிகாரத்தின் பக்கம் திரும்பி, உங்களுக்கு உடம்புக்கு எதுவுமே வராதா என்று மெதுவாகக் கேட்டார். தலைமை அலுவலகமே வாய் திறந்து கேட்கிறது. கடிகாரத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"வராம என்ன மேடம்? இவளுக்கு வந்த அதே வாந்திபேதி எனக்கும் புதன்கிழமை வந்துச்சு. மாத்திரையப் போட்டுக்கிட்டு வியாழக்கிழமை காலையில மொத ஆளா வந்து நின்னேன். இவ வேற இல்லையா, அன்னைக்குப் பூரா கிரீம் நிரப்பினதே நான்தான்."

"பூராவுமா?"

"ஒரு கேக்கு விடாம, இந்தக் கையால."

அந்த அம்மா எழுதி முடித்து, அடியில் ஒரு கோடு போட்டார். எழுந்து வந்து, அவள் விரலிலிருந்து பேனாவை மெல்ல வாங்கி வைத்தார். அவளைப் போய் வேலையைப் பார்க்கச் சொன்னார். அவள் கதவு வரை போய்த் திரும்பிப் பார்த்தாள்.

அந்த அம்மா பையைத் திறந்து, அட்டையைக் கடிதத்தின் மேலேயே வைத்தார்.

"நான் உங்க ஹெட் ஆபீஸ் இல்ல சார், சுகாதாரத் துறை, வியாழக்கிழமை செஞ்ச கேக்கைச் சாப்பிட்ட முப்பது பிள்ளைங்க ஆஸ்பத்திரியில கிடக்காங்க."