டப்ளினில் ஆடியவர்

“எடுடா கையை! அவனைத் தூக்கி நிறுத்தினே, பல்லைப் பேத்துடுவேன்!”

கத்திக்கொண்டே மைதானத்துக்குள் ஓடிவந்தார் டாக்டர் வெரிக்கர். ஐம்பதைத் தாண்டியவர். கருப்புக் கோட்டெல்லாம் சேறு.

லிமெரிக் அணியின் கேப்டன் டென்னி ஒரு வாளித் தண்ணீரைத் தன் ஆட்டக்காரன் மோசியின் தலையில் கவிழ்த்துவிட்டு, அக்குளில் கைகொடுத்து அவனை எழுப்பிக்கொண்டிருந்தான். எதிரணியான கார்க்கைச் சேர்ந்த ஒருவனின் முழங்கால் அப்போதுதான் மோசியின் நெற்றிப்பொட்டில் இறங்கியிருந்தது.

அந்தக் காலத்து ரக்பியில் மாற்று ஆள் கிடையாது. மோசி போனால் லிமெரிக்குக்குப் பதினைந்து பேரில் மிச்சம் பதினான்கு பேர்தான். அதோடு, அயர்லாந்து அணிக்கு ஆள் எடுப்பவர்கள் இன்று மோசியைப் பார்க்கவே வந்திருந்தார்கள். பன்றிக்கறி ஆலையில் உப்புத் தொட்டி கழுவுகிறவனுக்கு இன்னொரு முறை இப்படி வாய்க்காது.

டாக்டர் மண்டியிட்டு அவன் இமைகளை விலக்கினார். ஒரு கண்மணி பெரிதாக இருந்தது, மற்றது சிறிதாக.

“யாரோடடா ஆடிக்கிட்டிருக்கோம்?”

மோசி சிரித்தான். “ஆட்டம் ஆரம்பிச்சாச்சா, டாக்டர்?”

“இவன் ஆடமாட்டான்.”

கூட்டம் சும்மா இருக்குமா?

“யோவ் டாக்டரு! டப்ளின்ல நீ மண்டை பொளந்து ரத்தம் ஒழுக ஒழுக ஆடலை? மூணு இங்கிலீஷ்காரனை முதுகுல சுமந்துக்கிட்டுப் போய் அவங்க கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தை வெச்சு ஜெயிக்கலை? உனக்கு ஒரு நியாயம், ஆலைக்காரனுக்கு ஒரு நியாயமா?”

டாக்டர் இளைஞராக இருந்தபோது, அயர்லாந்து ரக்பி ஆடத் தொடங்கிய புதிதில் நடந்தது அது. லிமெரிக்கில் அந்தக் கதை தெரியாத குழந்தை இல்லை. இந்த ஊருக்கு வேண்டியது கோப்பை. உடைவது யார் மண்டையாக இருந்தால் என்ன!

டென்னி மறுபடியும் மோசியின் கையைப் பிடித்தான். டாக்டர் தள்ளிய தள்ளில் சேற்றில் போய் விழுந்தான்.

மோசியை இரு கைகளிலும் ஏந்தி, மைதானத்தின் எல்லைக்கோட்டுக்கு வெளியே கொண்டுவந்து கிடத்தினார். வழியெல்லாம் காறித் துப்பினார்கள். ஒரு எச்சில் அவர் மீசையில் விழுந்தது. அவர் துடைக்கவில்லை.

டென்னி அழாத குறையாகப் பின்னாலேயே வந்தான்.

“அன்னிக்கு மட்டும் நீங்க எப்படி டாக்டர் ஆடினீங்க?”

டாக்டருக்குக் கோபம் இன்னும் தணியவில்லை.

“எனக்கு எப்படிடா தெரியும்? நீங்கள்லாம் சொல்லித்தான் எனக்கே தெரியும். அந்த அடியில அந்த வாரமே என் மண்டையிலேர்ந்து அழிஞ்சுபோச்சு. அந்த வாரம் எங்கம்மா செத்துப்போனாங்களாம். என் கையைப் பிடிச்சு என்னமோ சொன்னாங்களாம், வாசல்ல நின்னவங்க பார்த்தாங்களாம். பக்கத்துல இருந்தது நான் ஒருத்தன்தானாம்.”