சரியாத மண்

கண்டெய்னர் ஆபீசைத் திறந்தபோது இருந்தவர்கள் மூன்று பேர்: என்ஜினியர் தனசேகரன், பொக்லைன் ஓட்டும் ஏகாம்பரம், வாட்ச்மேனாகிய நான். கீழ் வயல்காரி அன்னம்மாள் இல்லை. அவள் முந்தின நாளே வந்து கத்திவிட்டுப் போயிருந்தாள்.

கூரம் கிராமத்துப் பக்கத்தில் சோலார் பலகை நட மேட்டை வெட்டியிருந்தோம். சரிவில் மண் அரிக்காமலிருக்கத் தேங்காய் நார் விரிப்பு வந்தது. தனசேகரன் அதை ஓரிடத்தில் விரித்து, கணக்குக் காட்ட போட்டோ எடுத்து, திரும்பச் சுருட்டி வைக்கச் சொன்னார். பெய்த மழையில் சரிவு கரைந்து அன்னம்மாளின் வயலில் இறங்கியது.

"ரெண்டு வாட்டி நாத்து நட்டேன். ரெண்டு வாட்டியும் உன் மண்ணு மூடிக்கினு போச்சு. வாரிக்கினு போறியா, இல்லியா?" என்று முந்தின நாள் வந்து கேட்டாள்.

"மழையப் போய்க் கேளும்மா" என்றார் தனசேகரன்.

"அந்த போட்டோவ மழைக்குக் காட்டுங்க சார், நின்னுடும்" என்றான் ஏகாம்பரம்.

அன்னம்மாள் காறித் துப்பிவிட்டுப் போனாள். நானும் துப்பியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை அவள் வயலில் எங்கள் மண் ஒரு கூடைகூட இல்லை. ஆபீஸ் பூட்டைத் திறந்தேன். உள்ளே முழங்கால் உயரத்துக்குச் செம்மண். கதவைத் திறந்தும் அது சரியவில்லை. வெட்டி வைத்த சுவர்போல் நின்றது. அதன்மேல் வரிசை பிசகாமல் நாற்று நட்டிருந்தது.

"எவன்டா பண்ணது?"

தனசேகரன் மண்மேல் ஏறி, நாற்றைப் பிடுங்கிக்கொண்டே உள்ளே போனார். நாங்கள் இருவரும் கதவைத் தொடவில்லை. அவருக்குப் பின்னால் அது மெதுவாகச் சாத்திக்கொண்டது. வெளியே பூட்டும் தானே பூட்டிக்கொண்டது.