வெள்ளை அட்டை

"கையில துப்பாக்கியைக் கொடுத்தும் அட்டையில ஒரு ஓட்டை போட வக்கில்லாம ஒருத்தன் சம்பளம் வாங்கறான்னா, அதுக்குப் பேரு உத்தியோகம் இல்ல. திருட்டு!"

மீசை பேர் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதும் இல்லை. காவலர் அறையில் இருந்த எல்லார் கண்ணும் ஜன்னலோரம் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த அமுக்குணி மேல் போய் விழுந்தது.

அமுக்குணி பிரஷ்ஷை நிறுத்தவில்லை.

வங்கிப் பணம் ஏற்றும் வண்டிக்கு மீசை துப்பாக்கிக் காவலர். போன வருஷம் வரை அமுக்குணியும் அதே வண்டியில் துப்பாக்கியோடு போனவன்தான். இப்போது கேட்டில் நிற்கிறான், வெறும் கம்போடு.

எல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை வரும் அந்தத் துப்பாக்கித் தேர்வு செய்த வேலை. ஒற்றைக் கையால் சுட வேண்டும்; முதலில் வலது, அப்புறம் இடது. "ஒரு கையில அடிபட்டா திருடன் உனக்கு லீவு கொடுப்பானா? மத்த கை வேலை செய்யணும்" என்பார் பயிற்சி தரும் மாஸ்டர். ஒரு தடவை தவறினால் கேட். இன்னொரு தடவையும் தவறினால் வீடு.

அமுக்குணிக்கு வலது கை பிரமாதம். இடது கைக்கு வைத்த அட்டை மட்டும் வெள்ளையாகவே திரும்பி வந்தது.

மீசை அதற்கு முன்பே ஒரு தடவை தவறி, கேட்டில் வெயில் குடித்தவர். அமுக்குணி தவறிய அன்றைக்கே என்ன வெறியோ, இடது கையால் நடு வட்டத்தில் கொத்தாகப் போட்டுத் தேறிவிட்டார். அந்த அட்டையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, காவலர் அறைச் சுவரிலேயே மாட்டியும் விட்டார்.

"ஏம்ப்பா, அன்னைக்கு எந்தச் சுவத்தைப் பார்த்துச் சுட்டே?" மீசை விடவில்லை.

"எங்க போகணுமோ அங்கதாண்ணே போச்சு."

வண்டி டிரைவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "வாய் மட்டும் குறி தப்பாதுடா உனக்கு!"

அமுக்குணி ஷூவைக் கீழே வைத்துவிட்டு மீசையின் பக்கத்தில் வந்தான்.

"அண்ணே, நாளைக்கு மறுபடி தேர்வு. இதுலயும் போனா நான் வீட்டுக்குத்தான். கேட்டுல நிக்கறவனுக்குப் பழகக் குண்டு தர மாட்டாங்களாம். மாஸ்டர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

"உனக்குக் குண்டு கொடுக்கறதும் குளத்துல கல்லெறியறதும் ஒண்ணு. போ, போய்க் கேட்டைத் திற."

போனான்.

நாளைத் தேர்வு மீசைக்கும் உண்டு; பழகப் போனார். மாஸ்டர் புதுக் குண்டுப் பெட்டியை உடைத்துக் கொடுத்தார். வலது கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிஸ்டல் இடது கைக்கு மாறியதும், எப்போதோ வண்டிக் கதவு நசுக்கிய மணிக்கட்டு வேலையைக் காட்டியது. குழல் முனை காற்றில் கோலம் போட்டது. போன குண்டுகளில் பாதி மண்மேட்டுக்கு, மீதி அட்டையின் ஓரத்துக்கு.

கிட்டே போய்ப் பார்த்தவர் புருவத்தைச் சுருக்கினார்.

"என்ன மாஸ்டர், ஓட்டையெல்லாம் வட்டமா வெட்டி எடுத்த மாதிரி இருக்கு? எனக்கு எப்பவும் ஓரம் பிஞ்சுதானே வரும்?"

"இது தட்டை மூக்குக் குண்டு. காகிதத்தைக் கிழிக்காது, வெட்டும். நீ இதுவரைக்கும் சுட்டதெல்லாம் உருண்டை மூக்கு."

"புதுசா வந்ததா?"

"போன வருஷத் தேர்வன்னைக்கே கொஞ்சம் இருந்தது. உனக்குக் கொடுத்ததோட பழைய பெட்டி காலி. பக்கத்துல நின்னவனுக்கு இதைத்தான் கொடுத்தேன். அவன் ஒருத்தனுக்குத்தான். பாவம், இடது கையில ஒண்ணைக்கூட அட்டையில போடலை."

மீசை கழுத்தில் தொங்கிய காதுக்கவசத்தைக் கழற்ற மறந்து அறைக்கு நடந்தார்.

வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டிய அட்டை. அவர்தான் இத்தனை நாளும் அதை உற்றுப் பார்த்ததில்லை.

ஓரங்களில், எலி கடித்த மாதிரிப் பிய்ந்த ஓட்டைகள். நடு வட்டத்துக் கொத்து மட்டும் வட்டம் வட்டமாக, சுத்தமாக.

அன்று வரிசையில் நின்றபோது, "இன்னைக்கும் போச்சுன்னா, எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவேன்?" என்று தன்னை மறந்து முணுமுணுத்தது ஞாபகம் வந்தது. பக்கத்தில் நின்றவன் அப்போது காதுக்கவசம் மாட்டியிருக்கவில்லை.

சாப்பாட்டு நேரம். எல்லாரும் வந்துவிட்டார்கள், மாஸ்டரும்கூட. மீசை அட்டையைச் சுவரிலிருந்து கழற்றி, மாஸ்டர் முன்னால் மேஜையில் வைத்தார்.

"இங்க ஒருத்தன் இருக்கான் மாஸ்டர்..."

"ஆரம்பிச்சுட்டாருய்யா!" என்றான் டிரைவர். பழக்கதோஷம், எல்லாத் தலையும் ஜன்னல் பக்கம் திரும்பியது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்த அமுக்குணி தலையைக் குனிந்துகொண்டான்.

"அங்க எதுக்கய்யா பார்க்கறீங்க?" மீசை தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பிஸ்டலை உறையோடு இடுப்பிலிருந்து அவிழ்த்து அட்டையின் மேல் வைத்தார்.

அமுக்குணி பதறி எழுந்தான். "அண்ணே, வேண்டாம். போனது போச்சு."

"நீ பேசாதே! அடுத்தவன் குண்டுல தேறிட்டு, அந்த அடுத்தவனையே வருஷம் பூரா திருடன்னு சொன்னான் மாஸ்டர் இந்த ஒருத்தன். இவனை வீட்டுக்கு அனுப்புங்க. ஆனா போறதுக்கு முன்னாடி, அந்த அடுத்தவன் இடத்தை அவன் கையில கொடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. இப்பவே!"